ஆப்டிகல் சுவிட்ச் கீபோர்டு: வாங்கலாமா, வேண்டாமா?

கம்ப்யூட்டர் வாங்கும்போது பிராசசர் எது, ராம் எவ்வளவு, எஸ்எஸ்டி இருக்கிறதா என்று துருவித் துருவிக் கேட்கிறோம். கீபோர்டு என்று வரும்போது மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கி வந்துவிடுகிறோம். ஆனால் தினமும் நம் விரல் படுவது கீபோர்டு மீதுதான்.

வீட்டில் கேம் விளையாடும் பிள்ளைகள் இருந்தால் நிலைமை வேறு. அவர்கள் கீபோர்டைப் பற்றி நம்மைவிட அதிகம் தெரிந்து வைத்திருக்கிறார்கள். "எனக்கு ஆப்டிகல் சுவிட்ச் கீபோர்டுதான் வேண்டும். அதில்தான் ஸ்பீடு அதிகம்" என்று அடம் பிடிக்கிறார்கள். விலையைக் கேட்டால் பெற்றோருக்குத் தலை சுற்றுகிறது. சாதாரண கீபோர்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆப்டிகல் கீபோர்டுக்குப் பல ஆயிரம் ரூபாய் தர வேண்டியிருக்கிறது. பெரிய நிறுவனங்களின் உயர்ரக மாடல்கள் பத்தாயிரம் ரூபாயையும் தாண்டுகின்றன.

அவ்வளவு பணம் கொடுத்தால் உண்மையில் என்ன கிடைக்கிறது? எது விளம்பரம், எது உண்மை? இதனைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் பணமும் மிச்சம், வீட்டில் சண்டையும் மிச்சம். வாருங்கள், பார்ப்போம்.

கீயை அழுத்தினால் என்ன நடக்கிறது?

கீபோர்டில் உள்ள ஒவ்வொரு கீயின் அடியிலும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. கீபோர்டின் உள்ளே இருக்கும் சிறிய கன்ட்ரோலர் சிப், எல்லா சுவிட்சுகளையும் மிக வேகமாகத் திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டே இருக்கும். எந்த சுவிட்ச் அழுத்தப்பட்டிருக்கிறதோ அதற்கான எண்ணை யுஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். திரையில் எழுத்து வருகிறது.

அழுத்தியதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில்தான் கீபோர்டுகள் வேறுபடுகின்றன. முக்கியமாக மூன்று வகைகளைத் தெரிந்துகொள்வோம்.

மெம்பிரேன்: பெரும்பாலான வீடுகளில் இருப்பது இதுதான். மின்தடங்கள் அச்சிடப்பட்ட இரண்டு பிளாஸ்டிக் தாள்கள், நடுவில் துளைகள் கொண்ட இன்னொரு தாள். மேலே சிறிய ரப்பர் குமிழ்கள். கீயை அழுத்தினால் குமிழ் அமுங்கி, மேல் தாள் கீழ்த் தாளைத் தொடும். விலை குறைவு, சத்தமும் குறைவு. நாளாக நாளாக ரப்பர் தளர்ந்து, அழுத்தினால் கொழகொழவென்று இருக்கும்.

மெக்கானிக்கல்: ஒவ்வொரு கீக்கும் தனித்தனியாக ஒரு சுவிட்ச். உள்ளே ஒரு ஸ்பிரிங், இரண்டு உலோகத் தகடுகள். அழுத்தும்போது தகடுகள் ஒன்றையொன்று தொட்டு மின்சாரம் பாயும். ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் சுவிட்சுதான் இந்த வகைக்கு முன்மாதிரி. டிடிபி சென்டர்களிலும் அலுவலகங்களிலும் 'டக் டக்' என்று ஒலிக்கும் டிவிஎஸ் கோல்டு கீபோர்டைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் மெக்கானிக்கல் சுவிட்ச் கொண்டதுதான்.

ஆப்டிகல்: இதிலும் ஸ்பிரிங் உண்டு, தனித்தனி சுவிட்ச் உண்டு. ஆனால் உலோகத் தகடுகள் இல்லை. கீயின் அடியில் உள்ள சர்க்கியூட் போர்டில் ஒரு பக்கம் அகச்சிவப்பு ஒளி தரும் எல்இடி இருக்கும். எதிர்ப்பக்கம் அந்த ஒளியை உணரும் சென்சார் இருக்கும். கீயின் தண்டு கீழே இறங்கும்போது ஒளியை மறைக்கும், அல்லது மறைத்திருந்த ஒளிக்கு வழி விடும். எந்த முறை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒளியில் ஏற்படும் மாற்றத்தை வைத்து, கீ அழுத்தப்பட்டது என்று கன்ட்ரோலர் முடிவு செய்கிறது.

பஸ்ஸில் நாம் கையைத் தட்டி டிரைவருக்கு சிக்னல் தருவது மெக்கானிக்கல் என்றால், வாசலில் ஆள் வந்தால் தானாகத் திறக்கும் கதவு ஆப்டிகல். ஒன்றில் தொடுதல் வேண்டும். மற்றொன்றில் ஒளியை மறித்தாலே போதும்.

இன்னொரு விஷயம். கீபோர்டில் கலர் கலராக எரியும் விளக்குகளுக்கும் இந்த ஒளிக்கும் தொடர்பு இல்லை. அகச்சிவப்பு ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. கலர் விளக்குகளை அணைத்துவிட்டாலும் ஆப்டிகல் கீபோர்டு வழக்கம்போல் வேலை செய்யும். விளக்கு எரிகிற கீபோர்டு எல்லாம் ஆப்டிகல் கீபோர்டும் அல்ல.

யார் யார் தயாரிக்கிறார்கள்?

தைவானின் ஏ4டெக் நிறுவனம் 'பிளடி' என்ற பெயரில் 2010களின் நடுவிலேயே ஆப்டிகல் கீபோர்டுகளை விற்றது. ரேஸர் நிறுவனம் 2018ல் ஹன்ட்ஸ்மேன் என்ற மாடலைக் கொண்டுவந்த பிறகு இந்தப் பெயர் கேம் விளையாடுபவர்களிடையே பரவியது. கோர்செய்ர் நிறுவனம் 2020ல் கே100 என்ற மாடலை வெளியிட்டது. கீக்ரான் போன்ற நிறுவனங்கள் டைப் செய்பவர்களுக்கும் ஆப்டிகல் மாடல்களைத் தருகின்றன.

நன்மைகள்

1. ஒரு முறை அழுத்தினால் ஒரு முறைதான் பதிவாகும். இதுதான் ஆப்டிகல் சுவிட்சின் உண்மையான பலம். சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

ஒரு ஸ்பூனைத் தட்டின் மீது போட்டால் அது உடனே அமைதியாகிவிடாது. சில முறை துள்ளித்தான் நிற்கும். மெக்கானிக்கல் சுவிட்சின் தகடுகளும் இப்படித்தான். ஒன்றையொன்று தொடும்போது சில மில்லி விநாடிகள் துள்ளும். ஒரு மில்லி விநாடி என்பது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நமக்குத் தெரியாது, ஆனால் கன்ட்ரோலருக்குத் தெரியும். ஒரு முறை அழுத்தியதை அது பல முறை அழுத்தியதாக எடுத்துக்கொள்ளக்கூடும். இதனைத் தவிர்க்க, ஏறத்தாழ 5 மில்லி விநாடி பொறுத்திருந்து உறுதி செய்துகொள்ளும்படி கன்ட்ரோலருக்கு புரோகிராம் எழுதுகிறார்கள். இதற்கு 'டிபவுன்ஸ்' என்று பெயர். நாளாகித் தகடுகளில் தேய்மானமோ அழுக்கோ வந்தால் துள்ளல் அதிகமாகி, ஒரு எழுத்து இரண்டாக விழத் தொடங்கும்.

ஆங்கிலத்தில் எழுத்து இரண்டாக விழுந்தால் பார்த்த உடனே தெரிந்துவிடும். தமிழ்99 முறையில் டைப் செய்பவர்களுக்கு இது பெரிய தொல்லை. அந்த முறையில் ஒரே மெய்யெழுத்துக் கீயை இருமுறை அழுத்தினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி வந்துவிடும். ஆகவே 'படம்' என்று அடித்தால் 'பட்டம்' என்று வரும். 'குடை' என்பது 'குட்டை' ஆகிவிடும். இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் பிழைதிருத்தி சாப்ட்வேரும் காட்டிக் கொடுக்காது. ஆப்டிகல் சுவிட்சில் உரசும் தகடே இல்லை. ஆகவே துள்ளலும் இல்லை, இந்தத் தொல்லையும் இல்லை.

2. காத்திருக்கும் நேரம் மிச்சம். துள்ளல் இல்லாததால் டிபவுன்ஸ் நேரமும் தேவையில்லை. அழுத்தியவுடன் பதிவாகும், விட்டவுடன் நின்றுவிடும்.

3. துரு ஏறாது. கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் எலக்ட்ரானிக் பொருட்கள் சீக்கிரம் கெடுவதைப் பார்த்திருப்பீர்கள். மின்சாரம் பாயும் தொடுபுள்ளி சுவிட்சுக்குள் இல்லாததால் அங்கே துரு ஏறிக் கெட வழியில்லை. ஆனால் கீழே உள்ள சர்க்கியூட் போர்டுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

4. சுவிட்சைக் கழற்றுவது சுலபம். பல மாடல்களில் சுவிட்ச் என்பது பிளாஸ்டிக்கும் ஸ்பிரிங்கும் மட்டும்தான். சால்டர் செய்ய வேண்டிய கால்கள் இல்லை. கழற்றக்கூடிய மாடலாக இருந்தால், பழுதான சுவிட்சை இழுத்து எடுத்துவிட்டுப் புதியதைச் செருகலாம்.

5. ஆயுள் அதிகம். ரேஸர் ஹன்ட்ஸ்மேன் சுவிட்ச் 10 கோடி அழுத்தங்களைத் தாங்கும் என்றும், கோர்செய்ர் கே100 சுவிட்ச் 15 கோடி அழுத்தங்களைத் தாங்கும் என்றும் நிறுவனங்கள் குறிப்பிடுகின்றன. மெக்கானிக்கல் சுவிட்சுகளுக்குப் பொதுவாக 5 கோடி முதல் 10 கோடி வரை சொல்கிறார்கள்.

இந்த எண்களைக் கண்டு மயங்க வேண்டாம். ஒரே கீயை நீங்கள் நாளொன்றுக்கு பத்தாயிரம் முறை அழுத்துவதாக வைத்துக்கொள்வோம். 5 கோடி அழுத்தம் முடிய 5,000 நாட்கள், அதாவது 13 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 10 கோடி என்றால் 27 ஆண்டுகள். அதற்குள் கேபிள் அறுந்திருக்கும், கீகளின் எழுத்து அழிந்திருக்கும், நீங்களும் வேறு கீபோர்டு வாங்கியிருப்பீர்கள். ஆகவே ஆயுளுக்காக மட்டும் கூடுதல் பணம் தருவதில் பொருளில்லை.

குறைகள்

1. ஒரு நிறுவனத்தின் சுவிட்ச் இன்னொன்றுக்குப் பொருந்தாது. மெக்கானிக்கல் சுவிட்சுகளில் செர்ரியின் அமைப்பையே பல நிறுவனங்களும் பின்பற்றுகின்றன. அதனால் ஒன்றை எடுத்துவிட்டு வேறு நிறுவனத்தின் சுவிட்சைப் போட முடிகிறது. ஆப்டிகலில் இப்படிப் பொதுவான அமைப்பு இல்லை. ஒளி எந்த இடத்தில் பாய்கிறது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. அந்த நிறுவனம் குறிப்பிட்ட சுவிட்சின் உற்பத்தியை நிறுத்திவிட்டால் உதிரி கிடைப்பது கஷ்டம்.

2. வகைகள் குறைவு. அழுத்தினால் சத்தம் வர வேண்டும், மெல்லிய தடை தெரிய வேண்டும், பஞ்சு போல் இறங்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு விருப்பம். மெக்கானிக்கலில் நூற்றுக்கணக்கில் வகைகள் உண்டு. ஆப்டிகலில் கைவிட்டு எண்ணிவிடலாம்.

3. லேசாகத் தொட்டாலே பதிவாகிவிடும். சாதாரண செர்ரி சிவப்பு சுவிட்ச் 2 மி.மீ. இறங்கிய பிறகே பதிவாகும். கேமுக்கான ஆப்டிகல் சுவிட்சுகள் பலவற்றில் இது 1 மி.மீ. மட்டுமே. விரலைக் கீகளின் மேல் ஓய்வாக வைத்தபடி டைப் செய்யும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதில் வேண்டாத எழுத்துக்கள் விழும். கொஞ்ச நாளில் கை பழகிவிடும் என்றாலும் ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும்.

4. மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். ஒவ்வொரு கீக்கும் ஒரு எல்இடியை ஒளிரவிட வேண்டும். கேபிள் வைத்த கீபோர்டில் இதனைப் பொருட்படுத்த வேண்டாம். வயர்லெஸ் கீபோர்டு வாங்குகிறீர்கள் என்றால் பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

5. போர்டில் உள்ள எல்இடியோ சென்சாரோ கெட்டால் சுவிட்சை மாற்றிப் பயன் இல்லை. பழுது சர்க்கியூட் போர்டில் இருக்கிறது. நம் ஊர் சர்வீஸ் கடையில் இதற்கான உதிரி கிடைப்பது அரிது. வாரண்டி இருந்தால்தான் தப்பித்தோம்.

உண்மையில் எவ்வளவு வேகம்?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். ஆப்டிகல் கீபோர்டு வாங்கினால் கேமில் ஜெயிக்கலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

டிபவுன்ஸ் இல்லாததால் மிச்சமாவது ஏறத்தாழ 5 மில்லி விநாடி. அதுவும் எல்லா மெக்கானிக்கல் கீபோர்டுகளோடும் ஒப்பிட்டால் அல்ல. முதல் தொடுதலிலேயே பதிவு செய்துவிட்டு, அதன் பிறகு வரும் துள்ளலை மட்டும் ஒதுக்கித் தள்ளும்படி சில கீபோர்டுகளில் புரோகிராம் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் கீயை அழுத்தும்போது தாமதமே இல்லை.

அடுத்து, 1 மி.மீ.லேயே பதிவாவதால் கிடைக்கும் லாபம். விரல் விநாடிக்கு 20 செ.மீ. வேகத்தில் இறங்குவதாக வைத்துக்கொண்டால் 2 மி.மீ. இறங்க 10 மில்லி விநாடி, 1 மி.மீ. இறங்க 5 மில்லி விநாடி ஆகும். இங்கும் மிச்சம் 5 மில்லி விநாடிதான். இது ஒளியால் வரும் லாபம் அல்ல, குறைந்த ஆழத்தால் வரும் லாபம். மெக்கானிக்கல் வகையிலேயே செர்ரி எம்எக்ஸ் ஸ்பீடு சுவிட்ச் 1.2 மி.மீ.ல் பதிவாகிறது.

மூன்றாவது, கீபோர்டு எத்தனை முறை கம்ப்யூட்டருடன் பேசுகிறது என்பது. இதனை போலிங் ரேட் என்பார்கள். சாதாரண யுஎஸ்பி கீபோர்டு பெரும்பாலும் விநாடிக்கு 125 முறை பேசும். அதாவது 8 மில்லி விநாடிக்கு ஒரு முறை. கேமிங் கீபோர்டு 1,000 முறை பேசும், அதாவது 1 மில்லி விநாடிக்கு ஒரு முறை. இதற்கும் ஆப்டிகலுக்கும் சம்பந்தமில்லை. எந்த வகை கேமிங் கீபோர்டு வாங்கினாலும் கிடைக்கும்.

இனி மறுபக்கம். உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் வகையாக இருந்தால், திரையில் ஒரு படம் மாறி அடுத்தது வர 16.7 மில்லி விநாடி ஆகும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 6.9 மில்லி விநாடி போதும். இங்கே மட்டும் ஏறத்தாழ 10 மில்லி விநாடி வித்தியாசம். ஆன்லைன் கேமில் 'பிங்' 40 என்று காட்டினால், சர்வருக்குப் போய்வர 40 மில்லி விநாடி ஆகிறது என்று பொருள். கண்ணால் பார்த்து விரலை அசைக்க மனிதருக்கு 200 மில்லி விநாடிக்கு மேல் ஆகிறது.

ஆகவே, 60 ஹெர்ட்ஸ் மானிட்டரையும் ஆடி ஆடி வரும் வைஃபை இணைப்பையும் வைத்துக்கொண்டு கீபோர்டுக்கு மட்டும் பத்தாயிரம் ரூபாய் செலவழிப்பது, ஓட்டைக் குடத்துக்கு வெள்ளி மூடி வாங்குவது போல. முதலில் மோடமிலிருந்து கம்ப்யூட்டருக்கு நெட்வொர்க் கேபிள் இழுங்கள். அடுத்து மானிட்டரைக் கவனியுங்கள். கீபோர்டு அதற்குப் பிறகுதான்.

காந்தமும் வந்துவிட்டது

ஆப்டிகல் வாங்க முடிவு செய்துவிட்டாலும் இன்னொன்றைப் பார்த்துவிடுங்கள். கீயின் தண்டில் சிறு காந்தம், போர்டில் காந்தப் புலத்தை அளக்கும் சென்சார் என்று இயங்கும் கீபோர்டுகள் வந்துள்ளன. இவற்றை 'ஹால் எஃபெக்ட்' கீபோர்டு என்பார்கள். ஸ்டீல்சீரிஸ் நிறுவனம் 2019ல் ஏபெக்ஸ் புரோ என்ற மாடலில் இதனைக் கொண்டுவந்தது. நெதர்லாந்தின் வூட்டிங் நிறுவனம் ஒளியில் இயங்கும் கீபோர்டில்தான் தொடங்கியது. பிறகு காந்த சுவிட்சுக்கு மாறிவிட்டது.

இவற்றின் சிறப்பு என்ன? கீ அழுத்தப்பட்டதா இல்லையா என்று மட்டுமல்லாமல், எத்தனை மி.மீ. இறங்கியிருக்கிறது என்றும் அளக்கின்றன. எந்த ஆழத்தில் பதிவாக வேண்டும் என்பதை நீங்களே சாப்ட்வேரில் அமைத்துக்கொள்ளலாம். கேம் விளையாடும்போது 0.5 மி.மீ., டைப் செய்யும்போது 2 மி.மீ. என்று மாற்றிக்கொள்ளலாம். விரலைச் சற்றே தூக்கினாலும் கீ விடப்பட்டதாக எடுத்துக்கொள்ளும் 'ரேபிட் டிரிக்கர்' வசதியும் உண்டு. ஆப்டிகலிலும் ஒளியின் அளவை அளக்கும் அனலாக் வகை இருக்கிறது. 2023ல் வந்த ரேஸர் ஹன்ட்ஸ்மேன் வி3 புரோவில் இந்த வசதிகள் உள்ளன. ஆனால் அது விலை உயர்ந்த மாடல்.

ஓர் எச்சரிக்கை. சில கீபோர்டுகளில் இடம், வலம் இரண்டு கீகளையும் சேர்த்து அழுத்தினால் கடைசியாக அழுத்தியதை மட்டும் தானாக எடுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. கவுன்டர் ஸ்டிரைக் 2 கேமை நடத்தும் வால்வ் நிறுவனம், இத்தகைய தானியங்கி உதவிகளைத் தன் சர்வர்களில் அனுமதிக்க முடியாது என்று 2024 ஆகஸ்டில் அறிவித்தது. பயன்படுத்தினால் ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்படுவீர்கள். கேமின் விதிகளைப் படித்துவிட்டு இந்த வசதியை ஆன் செய்யுங்கள்.

யாருக்கு எது?

கடிதம், பள்ளிப் பாடம், இணையம் என்று மட்டும் பயன்படுத்துபவர்களுக்கு நல்ல மெம்பிரேன் கீபோர்டே போதும்.

நாள் முழுவதும் டைப் செய்பவர்கள் மெக்கானிக்கல் வாங்கலாம். நான் அலுவலகத்தில் தினமும் எட்டு மணி நேரம் புரோகிராம் எழுதுபவன். எனக்கு 2 மி.மீ. இறங்கும் மெக்கானிக்கல் சுவிட்சுதான் வசதியாக இருக்கிறது. வேகத்தைவிடப் பிழையில்லாமல் அடிப்பதுதான் என் வேலைக்கு முக்கியம்.

வேகமான சுடும் விளையாட்டுகளைத் தினமும் ஆடுபவர், நல்ல மானிட்டர் ஏற்கெனவே வைத்திருப்பவர், எழுத்து இரண்டாக விழும் தொல்லையால் நொந்தவர், இவர்களுக்கு ஆப்டிகல் பொருந்தும். விலையில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் ஹால் எஃபெக்ட் கீபோர்டையும் சேர்த்துப் பாருங்கள்.

கடையில் சோதிக்க வேண்டியவை

சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் கீபோர்டைத் திறந்து காட்டுவார்கள். கூச்சப்படாமல் சோதியுங்கள்.

* அட்டைப் பெட்டியில் 'ஆப்டிகல்' என்ற சொல் சுவிட்சைக் குறிக்கிறதா என்று பாருங்கள். 'மெக்கானிக்கல் ஃபீல்' என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் அது மெம்பிரேன்தான்.

* நோட்பேடைத் திறந்து, இரண்டு ஷிப்ட் கீகளையும் அழுத்திப் பிடித்தபடி ஆங்கில எழுத்துக்கள் இருபத்தாறையும் ஒவ்வொன்றாக அடியுங்கள். எல்லா எழுத்தும் வந்தால் நல்ல கீபோர்டு. மலிவான கீபோர்டுகளில் சில எழுத்துக்கள் விழாது.

* ஸ்பேஸ் பார், என்டர் போன்ற நீளமான கீகளின் ஓரத்தை அழுத்துங்கள். கடகடவென்று ஆடினால் வேறு மாடலைப் பாருங்கள்.

* உதிரி சுவிட்ச் கிடைக்குமா, வாரண்டி எத்தனை ஆண்டு, சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் என்று கேளுங்கள். பில் வாங்க மறக்காதீர்கள்.

புதிய கீபோர்டு வாங்கும் முன்...

உங்கள் பழைய கீபோர்டில் எழுத்து இரண்டாக விழுகிறது என்பதுதான் பிரச்சினை என்றால், பைசா செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. விண்டோசில் செட்டிங்ஸ், அக்சசிபிலிட்டி, கீபோர்டு என்று சென்று 'ஃபில்டர் கீஸ்' என்பதை ஆன் செய்யுங்கள். அதிலுள்ள 'பவுன்ஸ் கீஸ்' வசதி, குறைந்த இடைவெளியில் விழும் இரண்டாவது எழுத்தை ஒதுக்கிவிடும். கூடவே 'ஸ்லோ கீஸ்' ஆன் ஆகியிருந்தால் அதனை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் கீயை நெடுநேரம் அழுத்த வேண்டியிருக்கும்.  கேமுக்கு இது ஒத்துவராது.

அதே பக்கத்தில் 'ஸ்டிக்கி கீஸ்' ஷார்ட்கட்டையும் அணைத்துவிடுங்கள். கேமில் ஷிப்ட் கீயை ஐந்து முறை தட்டினால் குறுக்கே வந்து நிற்கும் அறிவிப்பு இனி வராது.

பராமரிப்பு

ஒளி போகும் வழியில் தூசியோ முடியோ அடைத்தால் ஆப்டிகல் கீயும் தடுமாறும். மாதம் ஒரு முறை கேபிளைக் கழற்றிவிட்டு, கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டுங்கள். கீ தொப்பிகளை அதற்கான இடுக்கியால் மேல்நோக்கி இழுத்து எடுத்து, மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள். திரவம் எதையும் சுவிட்சுக்குள் ஊற்ற வேண்டாம். காபி கொட்டிவிட்டால் உடனே கேபிளைக் கழற்றி, கவிழ்த்து வைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே மீண்டும் இணையுங்கள்.

ஆப்டிகல் சுவிட்ச் நல்ல தொழில்நுட்பம்தான். துள்ளல் இல்லை, தேய்மானம் குறைவு. ஆனால் அது மிச்சப்படுத்துவது சில மில்லி விநாடிகளை மட்டுமே. அந்த மில்லி விநாடிகள் உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ உண்மையில் தேவையா என்று மேலே உள்ள கணக்கை வைத்துச் சேர்ந்து உட்கார்ந்து பேசுங்கள். தேவை என்றால் தயங்காமல் வாங்குங்கள். இல்லை என்றால் அந்தப் பணத்தை மானிட்டருக்கு ஒதுக்குங்கள்.